ஆரோனின் உடையும் அப்பாவின் அங்கியும்

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு, அவர் ஆராதனை நடத்தும்போது உடுத்திய வெள்ளை அங்கியைக் கொண்டுவரும்படியும், அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆலயத்தின் முன்மண்டபத்தில் மாட்டப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கியைத் தருகிறேன்; பெட்டிக்குத் தரமாட்டேன். இதைத் தனிக் கடிதமாகவே எழுதியிருக்கலாம். ஆனால் அடக்கத்தன்று அப்பாவை அந்த அங்கியோடே அடக்கம் செய்யலாம் என்று நீங்களும், கூடாது என்று நானும் பேசியதைக் கேட்டவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதால், எல்லாரும் படிக்கும் இடத்திலேயே எழுதுகிறேன். அதனால் சில பெயர்களையும், கல்லறை வாசலில் நடந்த ஒன்றையும் விட்டுவிடுகிறேன்.

ஆசாரிய உடை "மகிமையும் அலங்காரமுமாக" இருக்க வேண்டும் என்ற யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்து வசனத்தை நீங்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவீர்கள். அதே அதிகாரத்தைத் தொடர்ந்து படித்தால், அந்த அலங்காரத்தில் இஸ்ரவேலரின் முதல் பிரதான ஆசாரியனான ஆரோனுக்கென்று எதுவும் இல்லை என்பதுதான் என் கண்ணில் படுகிறது. ஏபோத் என்னும் மேலாடையின் இரண்டு தோள்களிலும் ஒவ்வொரு கல்; ஒவ்வொன்றிலும் ஆறு கோத்திரங்களின் பெயர்கள், பிறந்த வரிசைப்படி. ஒரு சாண் நீளமும் ஒரு சாண் அகலமுமாக இரட்டையாய் மடித்த மார்ப்பதக்கத்தில், நான்கு வரிசையாகப் பன்னிரண்டு கற்கள். அவற்றிலும் அதே பன்னிரண்டு பெயர்கள். நெற்றியில் இளநீல நாடாவால் கட்டிய பொன் பட்டத்தில் "கர்த்தருக்குப் பரிசுத்தம்" என்ற எழுத்துகள். இவ்வளவு பெயர்களைச் சுமந்தவனுடைய சொந்தப் பெயர் உடையில் ஓரிடத்திலும் இல்லை.

செய்த விதத்தையும் பாருங்கள். பொன்னை மெல்லிய தகடாகத் தட்டி, அதைச் சரிகையாகக் கத்தரித்து, இளநீலம், இரத்தாம்பரம் என்னும் ஊதா, சிவப்பு ஆகிய நூல்களோடும் மெல்லிய பஞ்சுநூலோடும் (அதாவது சணல்நூலோடும்) சேர்த்து நெய்தார்கள். அந்த மூன்று நிறங்களும் பஞ்சுநூலும் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் திரைச்சீலைக்கும் உரியவை. திரையை நெய்த நூலையே ஆசாரியனுக்கும் உடுத்தினார்கள் என்றால், உள்ளே நுழையும்போது அவன் ஒரு தனி மனிதனாக அல்ல, அந்தக் கூடாரத்தின் ஒரு பகுதியாகவே நடமாடினான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்டுமயிரும் சணலும் கலந்து நெய்த துணியை மற்ற இஸ்ரவேலர் உடுத்தக் கூடாது. ஆசாரியனுக்கோ ஆலயப் பணியில் அந்தக் கலப்புத்தான் உடை என்பது யூத மரபு. இதை வைத்து ஆசாரியன் உயர்ந்தவன் என்று வாதிடுகிறவர்கள் எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தை மறந்துவிடுகிறார்கள். வயலில் உழுகிறவனும் தன் உடையின் ஓரத் தொங்கலில் ஓர் இளநீல நாடாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அங்கே கட்டளை இருக்கிறது. பிரதான ஆசாரியனின் அங்கி முழுவதும் எந்த நீலமோ, அதே நீலம் இவனிடமும் சிறிதளவு இருந்தது.

அந்த நீல அங்கியின் கீழோரத்தில் மாதளம்பழத் தொங்கல்களும் அவற்றின் இடையிடையே பொன்மணிகளும் இருந்தன. அவன் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அந்தச் சத்தம் கேட்க வேண்டும். அவன் சாகாதபடிக்கு அது. எருசலேமில் 2011ஆம் ஆண்டு பழைய வடிகால் ஒன்றில் கிடைத்த சிறிய பொன்மணியை ஆரோன் வம்சத்து அங்கியிலிருந்தே விழுந்ததாக நீங்கள் ஒரு பிரசங்கத்தில் அடித்துச் சொன்னீர்கள். இரண்டாம் ஆலயக் காலத்துப் பெரிய மனிதர் யாருடைய உடையிலிருந்து வேண்டுமானாலும் அது விழுந்திருக்கலாம். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார், உங்களைத் திருத்தவில்லை. என்னையாக இருந்தால் திருத்தியிருப்பார்.

இனி ஆரோன் இறந்த ஓர் என்னும் மலைக்கு வருகிறேன். நம் சண்டை முழுவதும் அந்த மலையில்தான் இருக்கிறது.

மோசேயும் ஆரோனும் ஆரோனின் மகன் எலெயாசாரும் சபையார் எல்லாரும் பார்க்க மலையேறினார்கள். மேலே மோசே தன் அண்ணன் உடுத்தியிருந்தவற்றைக் கழற்றி, அவர் மகனுக்கு உடுத்தினார். அதற்குப் பிறகே ஆரோன் இறந்தார். வரிசையைக் கவனியுங்கள்: உயிரோடு இருக்கும்போதே கழற்றப்பட்டது. பிணம் தீட்டு, அபிஷேகம் பெற்ற பிரதான ஆசாரியன் தன் தகப்பனுக்காகவும் தாய்க்காகவும்கூடப் பிரேதத்தின் அருகே போகலாகாது என்று லேவியராகமம் 21 சொல்கிறது. ஆகவே அந்த உடை மனிதனோடு மரணத்துக்குள் போகவே கூடாது. மூவர் ஏறினார்கள், இருவர் இறங்கினார்கள். அடிவாரத்தில் நின்றவர்கள் ஆரோன் இல்லை என்பதை எலெயாசாரின் மேலிருந்த உடையைக் கண்டே புரிந்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முப்பது நாள் துக்கம் கொண்டாடினார்கள். எலெயாசார் அழுதாரா என்று எழுதப்படவில்லை.

அடக்கத்தன்று சவப்பெட்டியருகே நான் இதைத்தான் சொன்னேன். ஜனங்கள் நிற்கும்போது, நீங்கள் ஆராதனை நடத்த வேண்டிய நேரத்தில், வேதாகமத்தை விரித்து உங்களிடம் வாதாடியது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, அதற்காக வருந்துகிறேன். ஆனால் மூடியை அறையக் காத்திருந்தார்கள், அண்ணா. வேறு எப்போது சொல்வது? கடைசியாக இராப்போஜனம் பரிமாறிய ஞாயிறன்று ஆலயத்தின் பின்னறையில் அப்பா தாமே அங்கியைக் கழற்றினார். விரல் நடுங்கியதால் கழுத்துக் கொக்கியை மட்டும் நான் அவிழ்த்தேன். அந்தக் கழுத்துப் பட்டையின் உட்புறம் நைந்துபோய், அம்மா போட்ட நெருக்கமான தையலால் நின்றுகொண்டிருந்தது. மடித்து என் கையில் வைத்து, "அண்ணனுக்கு" என்றார். அவ்வளவுதான். இதைச் சொன்னபோது நீங்கள் என்னிடம் சாட்சி கேட்டீர்கள்.

நீங்கள் பதிலுக்குச் சொன்னது ஆரோனின் மகன்களான நாதாபையும் அபியூவையும். கட்டளையிடப்படாத அந்நிய அக்கினியைக் கொண்டுவந்ததால் மாண்ட அவர்களை உறவினர்கள் அங்கிகளோடே பாளயத்துக்கு வெளியே தூக்கிச் சென்றார்கள். எனவே ஆசாரியனை உடையோடு அனுப்பலாம் என்றீர்கள். நல்ல வாதம்தான், ஓராண்டாக அதை யோசித்திருக்கிறேன். ஆனால் அவர்கள் கழற்ற நேரமில்லாமல் இறந்தவர்கள். தண்டனை விழுந்த இடத்தில் நடந்ததை, ஊழியத்தை நிறைவாக முடித்த ஒருவருக்கு முறையாக வைக்க முடியுமா?

உண்மையில், அங்கி அப்பாவோடு மண்ணுக்குள் போய்விட்டால் அதை நீங்கள் உடுத்த வேண்டியதில்லை. கண்ணாடிக்குள் போய்விட்டாலும் அப்படித்தான். இது என் சந்தேகம்; தவறாக இருந்தால் மகிழ்வேன்.

எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் யாரும் அந்த உடைகளைக் காட்சிக்கு வைக்கவில்லை. பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியன் பொன்னையெல்லாம் களைந்து, வெறும் சணல்நூல் உடுத்து மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனான். பழையதாகிப் போன இடைக்கச்சைகளையும் உள்ளாடைகளையும் கிழித்துத் திரியாக்கி, கூடாரப் பண்டிகையில் விளக்கேற்றினார்கள் என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. உடையைப் பூட்டி வைத்தவர்கள் ஆட்சியாளர்கள்தான். ஆலயத்தை அடுத்திருந்த அந்தோனியா கோட்டையில் ஏரோதும் அவனுக்குப் பின் ரோமரும் பிரதான ஆசாரியனின் உடையை வைத்திருந்து, பண்டிகைக்கு ஏழு நாள் முன்னதாகக் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டதை முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். பிலாத்துவை ரோமுக்கு அனுப்பிய சீரியாவின் ரோம ஆளுநர் வித்தேல்லியுஸ் அதை யூதரிடமே விட்டுக்கொடுத்தார். பிறகு மீண்டும் பிடுங்கப் பார்த்தபோது, கி.பி. 45ஆம் ஆண்டில் ரோமப் பேரரசர் கிலவுதியு இராயன் யூதருக்குச் சாதகமாக எழுதினார். உடை யாருடைய பெட்டியிலோ, ஆசாரியனின் கழுத்து அவருடைய கையில். ஓராண்டாக என் பீரோவில் பூட்டி வைத்திருப்பவள் இதை எழுதுகிறாளே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நான் பூட்டாமல் இருந்திருந்தால் அது இப்போது எங்கே இருந்திருக்கும்?

அன்று நீங்கள் கண்ணீர் விடாமல் ஆராதனையை முடித்ததைக் கல்நெஞ்சம் என்று பேசியவர்கள் உண்டு. அவர்களில் நானும் இருந்தேன். பிறகுதான் நீல அங்கியின் கழுத்தைப் பற்றிய வசனம் பிடிபட்டது. தலை நுழையும் துவாரத்தைச் சுற்றி, அது கிழியாதபடிக்கு, கவசத்துக்கு வைப்பதுபோல நெய்த கரை வைக்கச் சொல்லியிருக்கிறது. துக்கத்தில் எல்லாரும் கிழிப்பது அந்த இடத்தில்தான். பிரதான ஆசாரியனுக்கு அது விலக்கு. தன் இரண்டு மகன்கள் மாண்ட நாளில் ஆரோன் பேசாதிருந்தார். நீங்களும் எங்கள் எல்லாருடைய துக்கத்தையும் மேலே போட்டுக்கொண்டு உங்களுடையதைக் கிழிக்காமல் நின்றீர்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகாவது, அங்கியைக் கழற்றிய பிறகாவது, என்னோடு உட்கார்ந்து அழுதிருக்கலாம். அப்போது உங்களுக்கு விலக்கு எதுவும் இல்லை.

"எனக்குத் தகுதியில்லை" என்று மதினியிடம் சொன்னீர்களாம். சகரியா 3ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு தேவதூதனுக்கு முன்பாக நிற்கிறார், சாத்தான் குற்றஞ்சாட்டுகிறான். யோசுவா ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. தகுதியைப் பற்றி யாரும் விசாரிப்பதும் இல்லை. அழுக்கைக் களைந்து, வேறு உடையும் சுத்தமான பாகையும் அணிவிக்கிறார்கள். ஆரோனின் உடைகள் அவருக்குப் பின் அவர் மகன்களைச் சேரும் என்றும், பட்டத்துக்கு வருகிறவன் அவற்றை ஏழு நாள் உடுத்த வேண்டும் என்றும் யாத்திராகமம் 29இல் இருக்கிறது. நீங்கள் ஏழு நாள் உடுத்த வேண்டாம். நினைவு ஆராதனைக்கு மட்டும் உடுத்துங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முந்தின நாள் மாலையில் கொண்டுவருகிறேன். நீங்கள் அப்பாவைவிட உயரம் குறைவு, கீழ்மடிப்பைச் சற்று ஏற்றித் தைக்க வேண்டியிருக்கும். கழுத்துப் பட்டையில் மட்டும் தையற்காரர் கை வைக்கக் கூடாது. கண்ணாடிப் பெட்டிக்கு அளவெடுத்துப் போன தச்சரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அதை நான் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை