அடுப்பங்கரை என்றால் அவ்வளவு இளப்பமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் உலகப் பெண்கள் பத்திரிகைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பின்லாந்தின் ‘கொத்திலியேசி’க்குக் கிடைத்தது ஒரே வரி: “சமையல் குறிப்பும் பின்னல் வேலையும் நிறைந்த அடுப்பங்கரைப் பத்திரிகை.” பெயரையும் ‘கோடிலைஸ்’ என்று போட்டிருந்தீர்கள். ஏதோ இருமல் மருந்து என்று நினைத்துவிட்டேன்.

அந்தப் பெயருக்கே வீட்டு அடுப்பு என்றுதான் பொருள். ஆனால் அது தொடங்கிய வருடம் 1922. அந்த நாட்டுப் பெண்கள் 1906லேயே ஓட்டுரிமை வாங்கி, அடுத்த வருடமே 19 பேர் நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அடுப்பின் முன் நின்றவள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து நின்றவள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? பல வருடம் அதற்கு ஆசிரியராக இருந்தவர் அல்லி விஹெர்ஹெய்மோ. அல்லி! அந்தப் பெயருக்காகவாவது இன்னொரு வரி எழுதியிருக்கலாம்.

நான் பின்லாந்தின் தம்பெரே நகரில் 11 வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே 90 தாண்டிய பாட்டி ஒருவர், தன் அம்மா வாங்கிய பழைய இதழ் ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். மார்த்தா வெண்டெலின் வரைந்த அட்டை. மூலையெல்லாம் மடங்கி நைந்துபோயிருக்கிறது. உள்ளே ஓரத்தில் பென்சிலால் பால், மாவு, சர்க்கரை என்று வாரக் கணக்கு. “இந்தக் கணக்கில்தான் எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தாள்” என்று விரலை வைத்துக் காட்டுவார்.

இங்கே பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, அடிப்பலகை இல்லாத கம்பித் தட்டு அலமாரி அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. தட்டைக் கழுவி ஈரத்தோடு சொருகிக் கதவைச் சாத்தினால் போதும், துடைக்கிற வேலை மிச்சம். 1940களில் அதைக் கொண்டுவந்தவர் மையு கெப்ஹார்ட் என்ற பெண்மணி. அடுப்பங்கரையைப் பற்றி உட்கார்ந்து யோசித்தவர்!

சரி, குறைதான் சொல்ல வேண்டுமென்றால் அதற்கும் வழி இருந்தது. நடுத்தர வீட்டு எஜமானியம்மாக்களைப் பார்த்தே பேசிய பத்திரிகை அது என்று எழுதியிருக்கலாம். வீட்டு வேலைக்காரப் பெண்களுக்காக மீனா சில்லன்பா 1905லேயே தனிப் பத்திரிகை நடத்தினார். 12 வயதில் ஆலை வேலைக்குப் போனவர், 1926இல் நாட்டின் முதல் பெண் அமைச்சர். அவருக்கு அரை வரிகூட இல்லை.

உங்களுக்கு இது புதிதல்ல. முன்பு நோக்கியாவை ஜப்பான் கம்பெனி என்று போட்டீர்கள். நோக்கியா எங்கள் பக்கத்து ஊர் ஐயா, பஸ்ஸில் போய்விட்டு வரலாம். அதைச் சொல்லி நான் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தை இரண்டு வரியாக்கி, என் பெயருக்கு முன்னால் ‘திரு’ வேறு சேர்த்தீர்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் கொத்திலியேசி என்று பெயரையாவது திருத்திப் போடுங்கள். சந்தா டிசம்பர் வரை கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பெரே வாசகி (திருமதி)