தேய்மானத்தைத் தந்தவர்களுக்கு

எங்கள் வண்டிக்குக் கைகொடுத்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குன்னூர் ஒட்டுப்பட்டறையில் இருக்கும் என் தம்பியின் ஷெட்டிலிருந்து 1951ஆம் ஆண்டு செவர்லே பிக்கப் ஒன்று யாரும் தள்ளாமல் தன் பலத்தில் சாலைக்கு ஏறியது. 1983இல் தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியின் பின்புறம் கொண்டுபோய் நிறுத்தப்பட்ட வண்டி அது. அதற்கு முந்தைய 21 ஆண்டுகள் எங்கள் அப்பா அதை ஓட்டினார்.

அன்றிலிருந்து வழியில் நிறுத்திப் பலரும் அக்கறையோடு கேட்பது ஒரே கேள்விதான்: “இவ்வளவு செலவு செய்தீர்களே, கடைசியில் பெயின்ட் அடிக்கப் பணம் போதவில்லையா?” பானெட்டில் பச்சை வெளுத்திருக்கிறது. கேபின் கூரையில் செம்மண் நிறம் எட்டிப் பார்க்கிறது. பின்கதவு முழுக்கக் கீறல். ஆனால் அந்தத் துருவில் பெரும்பகுதி பெயின்ட்தான். வேறெந்த வேலையையும்விட அதை அடிப்பதற்குத்தான் எங்களுக்கு அதிக நாள் பிடித்தது. அந்த நாள்களில் உடன் நின்றவர்களுக்கு இந்த மடல்.

வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வந்தபோது அதில் வண்டி என்று சொல்லத்தக்கவை சேஸிஸ், எஞ்சின் பிளாக், பானெட், வலது கதவு ஆகியவை மட்டுமே. கேபின் தரை உதிர்ந்துவிட்டது. மட்கார்டுகளை விரலால் குத்தினால் ஓட்டை விழுந்தது. வலது கதவு தப்பித்த காரணம் எளியது. யாரோ புண்ணியவான் அதைக் கழற்றி, தேயிலைப் பெட்டிகள் வைக்கும் அறையில் சாய்த்து வைத்திருந்தார். அவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. முதல் நன்றி அவருக்கு.

அந்தக் கதவின் ஜன்னல் விளிம்பில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு தேய்மானம் உண்டு. வெளியே பச்சை, அடுத்து பிரைமர் என்னும் செங்காவி நிற அடிப்பூச்சு, நடுவில் வெறும் தகடு. கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும். அப்பா வலது முழங்கையை வைக்கும் இடம். மலையில் ஓட்டுகிறவர் ஆண்டு முழுக்க ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. அந்தக் கம்பளிதான் பெயின்டை மெல்ல மெல்ல எடுத்திருக்கிறது. வண்டி முழுவதையும் புதிதாகப் பளபளவென்று அடித்துவிடலாம் என்று தம்பி சொன்னான். அந்த விளிம்பை நான் அடிக்க விடவில்லை. அந்தக் கதவு அப்படியே இருக்க வேண்டுமென்றால் மற்றத் தகடுகள் எல்லாம் அதன் வயதுக்கு வந்தாக வேண்டும். இப்படித்தான் செயற்கையாகப் பழமை ஏற்றும் வேலைக்குள் நுழைந்தோம்.

கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்காரர் அண்ணனுக்கு நன்றி. செவர்லே வண்டிகளின் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ், பம்பாயில் பாகங்களைப் பூட்டி வண்டி தயாரிப்பதை 1954இலேயே நிறுத்திவிட்டது. இந்த வண்டிக்கு இடது கதவு தேடுவது லேசான காரியமில்லை. முன்பணம் வாங்காமல் இரண்டு மாதம் அந்தக் கதவை எங்களுக்காக ஒதுக்கி வைத்திருந்தார். கைப்பிடியைப் பார்த்ததும், “இது பொத்தானை அழுத்தித் திறப்பது; உங்கள் வண்டிக்கு அடுத்த வருடத்துக் கதவு. பரவாயில்லையா?” என்று அவரே சொன்னார். உண்மைதான். 1951 வரை கீழே திருப்பும் கைப்பிடி, 1952 முதல் பொத்தான். சொல்லாமல் விற்றிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பொத்தான் துளையை அடைத்துப் பழைய கைப்பிடிக்கு இடம் வெட்டிக் கொடுத்த டிங்கரிங் மாஸ்டரின் கையை எத்தனை முறை கும்பிட்டாலும் தகும். இடது கதவில் பள்ளம் நிரப்பும் பட்டி என்று ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. அத்தனையும் சுத்தியலால் தட்டி எடுத்த மட்டம்.

எஞ்சினைச் சொல்லாமல் போக முடியாது. 6 சிலிண்டர், சுமார் 3.5 லிட்டர். இன்றைய எஞ்சின்களில் பேரிங் தனியாக வரும், கழற்றி மாட்டலாம். இதில் பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் வாயிலேயே பாபிட் என்னும் மென்மையான கலப்பு உலோகத்தை உருக்கி வார்த்து, பிறகு கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த லேத் பட்டறைப் பெரியவர் கோவையில் இருந்தார். கண்பார்வை குறைந்துவிட்டதாகச் சொல்லி முதலில் மறுத்தவர், பேரனைப் பக்கத்தில் நிறுத்தி அளவைப் படிக்கச் சொல்லிக்கொண்டே ஆறு ராடுகளையும் முடித்தார். பையனும் தொழிலைக் கற்றுக்கொண்டான்.

இனி அந்தப் பெயின்டுக்கு வருகிறேன்.

மேட்டுப்பாளையம் பெயின்டர் அண்ணன் செய்த முறையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் தகடு முழுவதும் ஈரம் புகாத எபாக்ஸி பிரைமர். அதன்மேல் துரு நிறம்; ஒரே நிறமாக இல்லாமல் செம்பழுப்பு, காவி, கரும்பழுப்பு என்று ஸ்பஞ்சால் ஒற்றி ஒற்றி. அது நன்றாகக் காய்ந்தபின் பரப்பில் தண்ணீரைத் தெளித்து, கல் உப்பைக் கையால் தூவினார். பெரிய கல் விழுந்த இடத்தில் பெரிய பொட்டு, பொடி விழுந்த இடத்தில் ஊசிமுனைப் புள்ளி. ஈரம் வற்றி உப்பு ஒட்டிக்கொண்டதும் அதன்மேல் பச்சை. பச்சை காய்ந்தபின் வெந்நீர்த் துணியால் தேய்த்தால் உப்பு கரைந்து கழன்றுவிடும். அந்த இடங்களில் மட்டும் துரு நிறம் கண் திறக்கும். பிறகு 800, 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, விளிம்புகளில் பச்சையைத் தேய்த்து இறக்குவது. கடைசியாகப் பளபளப்பு இல்லாத கிளியர் கோட், அதாவது நிறமற்ற மேற்பூச்சு. நிஜத் துருவையே வரவழைத்து மேலே கிளியர் அடித்து மூடுவோரும் உண்டு. குன்னூரின் ஈரத்தில் அது ஆகாது. மூடிய பூச்சுக்கு அடியிலும் துரு நடந்துகொண்டே இருக்கும், மூன்று மழைக்காலத்தில் தகடு திரும்ப ஓட்டையாகிவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. மேட்டுப்பாளையத்து வெயிலில் எளிதாகவே நடந்திருக்கும். இங்கே மதியம் இரண்டு மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறியதும், தூவிய உப்பு காற்றின் ஈரத்தைக் குடித்துத் தண்ணீராக வழிந்தது. மறுநாள் அடித்த கிளியர் கோட் பால்போல வெளுத்துப்போனது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, அந்தக் குளிர்ச்சியில் பனி படிந்துவிடுகிறது. பத்து நாள் வேலையைச் சுரண்டி எடுத்தோம். அப்போது எங்கள் ஷெட்டுக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் படுகர் பெரியவர், யாரும் கேட்காமலேயே தம் உருளைக்கிழங்குக் கொட்டகையைக் காலி செய்து சாவியைத் தம்பி கையில் கொடுத்தார். காலையில் கரி அடுப்பு மூட்டிக் கொட்டகையைக் காய வைப்போம். தின்னர் டப்பாவைத் திறக்கும் முன் அடுப்பு வெளியே போய்விட வேண்டும், அதை அவரே நின்று பார்த்துக்கொள்வார். வாடகை என்று பேச்செடுத்ததற்குக் கோபித்துக்கொண்டார். ஐயா, அந்தக் கொட்டகை இல்லையென்றால் இந்த வண்டி இன்னும் பிரைமரோடுதான் நின்றிருக்கும்.

ஆனாலும் முதல் முயற்சி தவறாகவே முடிந்தது. பார்க்க அழகாக இருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளுப்பு, ஒரே அளவு பொட்டு. எஸ்டேட்டின் பழைய கணக்குப்பிள்ளை ஐயாவை அழைத்து வந்து காட்டினோம். வயது 86. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்தார். “இது எங்கள் வண்டி இல்லை” என்றார்.

பிறகு உட்கார்ந்து விளக்கினார். வண்டி எப்போதும் ஃபேக்டரிச் சுவரை ஒட்டி, முகம் தெற்கே பார்த்துத்தான் நிற்குமாம். இந்த மலையில் காலை வெயில்தான் வெயில், மதியத்துக்குமேல் மூடிக்கொள்ளும். ஆகவே வெளுக்க வேண்டியது கிழக்கில் இருந்த இடப்பக்கம். வலப்பக்கத்தில் வெயில் படவே படாது. ஆனால் தகரக் கூரையின் தாழ்வாரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் வலது பின் மட்கார்டின் மேல் ஒரே கோட்டில் விழும். “அங்கே ஒரு சாண் அகலத்துக்குத் துரு, மேலிருந்து கீழே ஒழுகின மாதிரி. நான் தினமும் அதைத் தாண்டித்தான் எடை போடப் போவேன்” என்றார். பெயின்டர் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் உப்புத்தாளை எடுத்தார். வண்டியை மறுபடி முதலிலிருந்து அடித்தோம். அன்றுதான் எனக்கும் புரிந்தது: இந்தத் துருவை நாங்கள் கற்பனை செய்யக்கூடாது, கண்ணால் கண்டவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் செய்த வேலை அதுதான். எஸ்டேட் தொழிலாளர்கள் வாழும் பழைய லைன் வீடுகளுக்குப் போனேன். கொழுந்து மூட்டை ஏற்றிய அக்காமார்கள், பக்கவாட்டுப் பலகையில் கயிறு உரசிய இடத்தை விரலால் கோடு இழுத்துக் காட்டினார்கள். ஏறுவதற்கு இடது ஃபுட்போர்டில் எந்தக் காலை வைப்போம் என்பதைக்கூட நடித்துக் காட்டினார்கள். அந்தப் பாதத்தின் அளவுக்குத்தான் அங்கே பச்சை தேய்ந்திருக்கிறது. காற்றில் விழுந்த சில்வர் ஓக் மரத்தில் பின்தட்டுக்குப் பலகை அறுத்துத் தந்த தச்சர் மாமா, பால் கேன் நின்ற மூலையில் வட்டமாகக் கறை வைத்தார். சின்ன வயதில் அந்தக் கேனின்மேல் உட்கார்ந்து குன்னூருக்குப் போனவர் அவர்.

பின்கதவின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். லைன் வீட்டுப் பெரியம்மா ஒருவர் 1971இல் இலங்கையிலிருந்து வந்தவர். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்த 1964ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து மலைக்கு வந்த ஆயிரமாயிரம் குடும்பங்களில் ஒன்று அவருடையது. குன்னூரிலிருந்து எஸ்டேட்டுக்கு அவர்களை ஏற்றி வந்தது இந்த வண்டி. இறக்கும்போது அவர்களுடைய இரும்புப் பெட்டி பின்கதவில் உரசி ஒரு முழ நீளத்துக்குக் கீறிவிட்டதாம். வந்த முதல் நாளே எஸ்டேட் வண்டியைக் கெடுத்துவிட்டோமே என்று நடுங்கியிருக்கிறார். “உங்கள் அப்பா, ‘வண்டி எதற்கு இருக்கிறது, கீறட்டும் அம்மா’ என்று சொன்னார்” என்றார். பிறகு உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து அதே பெட்டியை இழுத்து வந்தார். மூலையில் பித்தளைப் பட்டை, ஒரு ஆணி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். காய்ந்த பச்சையின்மேல் பெரியம்மாவே அதை வைத்து இழுத்தார். சர்ரென்று ஒரு சத்தம். பச்சை சுருண்டு விழுந்தது, அடியில் செங்காவி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள் என்று பெயின்டர் அண்ணன் சொன்னார். பெரியம்மா தலையசைத்து மறுத்துவிட்டார். “அன்றைக்கு இவ்வளவுதான்.”

இடது கதவில் எஸ்டேட் பெயரை எழுதிய போர்டு ஆர்ட்டிஸ்ட் தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறேன். வலது கதவின் மங்கிய எழுத்துகளை எண்ணெய்க் காகிதத்தில் படியெடுத்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, சாக்பீஸ் பொடியைத் தட்டி இடது கதவுக்கு மாற்றினார். பிறகு எனாமலில் கையாலேயே எழுதினார். இவ்வளவு அருமையாக எழுதியதை அவர் கையாலேயே தேய்த்து மங்க வைக்கச் சொன்னபோது அவர் முகம் வாடியது எனக்குத் தெரியும். அதற்காகவும் நன்றி.

6 வோல்ட் வயரிங்கை மாற்றாமல் காப்பாற்றிய எலக்ட்ரீஷியன், உயரத்துக்கு ஏற்பக் கார்புரேட்டர் ஜெட்டைக் குறைத்துக் கொடுத்தவர், இரவில் டீயும் வர்க்கியும் அனுப்பிவைத்த பேக்கரிக்காரர் எல்லோரையும் நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். இரண்டரை ஆண்டு வீட்டுச் செலவைச் சுருக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத என் கணவரையும் தம்பி மனைவியையும் சேர்த்துத்தான்.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று ஒரு நண்பர் நேர்மையாகக் கேட்டார். அவருக்கான பதில் வண்டியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு புதுத் தகட்டின் உட்புறத்திலும் அது பூட்டப்பட்ட மாதத்தையும் ஆண்டையும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கிறோம். வெளியே இருக்கும் தேய்மானத்தைச் சொன்னவர் யார் என்பதையும் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். நாளைக்கு யார் இந்த வண்டியைப் பிரித்தாலும் எது பழையது, எது புதியது, எது யாருடைய நினைவு என்று படித்துக்கொள்ளலாம்.

ஒரு தகட்டின் உட்புறம் மட்டும் பெயர் இல்லாமல் இருக்கிறது. இடது முன் மட்கார்டு. அப்பா ஒருமுறை பர்லியார் பக்கத்து வளைவில் பாறையில் இடித்து அதை மாற்றியிருக்கிறார். மாற்றிய மட்கார்டு கறுப்பு என்கிறார் கணக்குப்பிள்ளை ஐயா. சாம்பல் நிறம் என்கிறார் பெரியம்மா. பச்சைதான், கொஞ்சம் வேறு பச்சை என்கிறார் தச்சர் மாமா. எங்களிடம் இருக்கும் ஒரே புகைப்படத்தில் வலப்பக்கம்தான் தெரிகிறது. ஆகவே அதை வெறும் பிரைமரோடு விட்டிருக்கிறோம். 1983க்கு முன் குன்னூர் கடைவீதியிலோ மேட்டுப்பாளையம் சாலையிலோ இந்த வண்டியை இடப்பக்கமாகப் பார்த்தவர் யாராவது இருந்தால், ஒட்டுப்பட்டறைக்கு ஒரு நடை வந்து சொல்லுங்கள். பெயின்டர் அண்ணன் அதற்கென்று ஒரு கிலோ கல் உப்பைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.