சாம்பிளில் இருந்த மரவாசனை பாட்டிலில் எங்கே?

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஆண்களுக்கான 100 மில்லி வாசனைத் திரவியம் சாம்பிளுக்கு மாறாக இருப்பது – பணத்தைத் திருப்பித் தரவும், எழுத்துப்பூர்வமாக விளக்கம் அளிக்கவும் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் 1,850 ரூபாய் செலுத்தி நான் வாங்கிய திரவியம், அதற்கு முன்பு நீங்களே அனுப்பிய சாம்பிளோடு ஒத்துப்போகவில்லை. இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, உங்கள் சேவைப் பிரிவில் எடுத்த தம்பி மரியாதையாகவும் பொறுமையாகவும்தான் பேசினார். ஆனால் எனக்கு எந்த ஊர் என்று கேட்டறிந்ததும் அவருக்கு விடை கிடைத்துவிட்டது. "வேலூரா சார், அங்கே வெயில் அதிகம், வாசனை சீக்கிரம் பறந்துவிடும், அது இயல்புதான்" என்று சொல்லிப் புகாரை முடித்துக்கொண்டார். பாட்டிலைப் பார்த்து வந்த கோபத்தைவிட இந்தப் பதிலைக் கேட்டு வந்த கோபம்தான் என்னைக் கடிதம் எழுத உட்கார வைத்திருக்கிறது.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் வெயில் சதமடித்த ஊர்கள் என்று செய்தித்தாளில் பட்டியல் போட்டால் எங்கள் ஊரை அதில் தேட வேண்டிய அவசியமே இருக்காது. அந்த வெயிலை நினைத்துத்தான் உங்கள் பொருளையே தேர்ந்தெடுத்தேன். பெட்டியின் முகப்பில் புத்துணர்ச்சி, பழம், மரம் என்று போட்டிருக்கிறீர்கள். பின்பக்கத்தில் மூன்று அடுக்காக விவரம்: மேலே பெர்கமாட் (எலுமிச்சை வகைப் பழம்), பச்சை ஆப்பிள், அன்னாசி; நடுவில் லாவண்டர், ஜெரேனியம்; அடியில் தேவதாரு, வெட்டிவேர், சந்தனம். இவற்றுக்கெல்லாம் மேலே தங்க எழுத்தில், "8 மணி நேரம் நீடிக்கும்".

சாம்பிள் இந்த வாக்கைக் காப்பாற்றியது என்பதை முதலில் பதிவு செய்கிறேன். 2 மில்லி குப்பிதான். மணிக்கட்டில் பட்டதும் சாத்துக்குடித் தோலின் கசப்பு கலந்த குளுமை எழுந்தது. அது விலகக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு ஆப்பிள் வந்தது, கடித்தால் பல் கூசும் பச்சை ஆப்பிள். அன்னாசியும் இருந்தது, ஆனால் ஆப்பிளுக்குப் பின்வரிசையில் அடக்கமாக. முற்பகலில் லாவண்டர் வந்து சட்டைக்கு ஒரு சலவைச் சுத்தத்தைக் கொடுத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மரம் தலைகாட்டியது: முதலில் பென்சில் சீவும்போது எழுகிற காய்ந்த தேவதாரு, அதற்குக் கீழே மண்வாடை சேர்ந்த வெட்டிவேர். மாலையில் வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றினால் காலரில் மெல்லியதாகச் சந்தனம். யார் மூக்கிலும் குத்தாமல், கையெட்டும் தூரத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற அளவில் நின்றது. நல்ல கைவேலை. செய்தவரைப் பாராட்டத் தோன்றியது. அந்த நம்பிக்கையில்தான் பெரிய பாட்டிலை வரவழைத்தேன்.

பாட்டிலில் இருப்பது வேறு சரக்கு. தெளித்ததும் ஸ்பிரிட் நெடி. அது போகட்டும், எந்தத் திரவியத்திலும் முதல் சில நொடிகள் அப்படித்தான். பெர்கமாட்டைக் காணவே காணோம். நேராக அன்னாசி வந்து சபையின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. ஆப்பிளின் புளிப்பு இல்லாத, சர்க்கரை போட்டுக் காய்ச்சிய அன்னாசி. அன்னாசி மணத்துக்குச் சேர்க்கும் அல்லைல் ஹெக்சனோயேட் உணவு எசன்ஸிலும் பயன்படுகிற பொருள்தான். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் திரவியம் அலங்கார மேசையை விட்டு அடுப்படிக்குப் போய்விடும். பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். பக்கத்து மேசைக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, யார் வீட்டில் விசேஷம், கேசரி வாசனை வருகிறதே என்று கேட்டார். மற்றவர்கள் டப்பாவைத் தேடினார்கள். ஐம்பதை நெருங்குகிற மனிதன் கேசரியாக மணப்பதற்கா இவ்வளவு பணம்?

அந்தக் கேசரியாவது மாலை வரை இருந்ததா என்றால் அதுவும் இல்லை. காலை எட்டரைக்குத் தெளித்தது பத்தரைக்குள் தோலில் தேடினாலும் கிடைக்காத நிலைக்கு வந்துவிட்டது. சட்டையில் பட்ட இடத்தில் மட்டும் ஒரு மங்கலான சோப்பு இனிப்பு. தேவதாரு, வெட்டிவேர், சந்தனம் என்று பெட்டியில் வரிசையாக நிற்கும் மூன்று மரத்தாரில் ஒருவர்கூட எந்த நேரத்திலும் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

இனி உங்கள் வெயில் விளக்கத்துக்கு வருகிறேன். சூட்டில் வாசனை வேகமாக ஆவியாகும் என்பது உண்மை. ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. நீங்கள் மூன்று அடுக்கு என்று பெட்டியில் அச்சிடுவதற்கே அதுதானே அடிப்படை? எலுமிச்சை வகைத் தோல்களின் எண்ணெயில் பெரும்பங்காக இருக்கும் லிமோனின் கொதிப்பது 176 டிகிரி செல்சியஸில். சந்தனத்தின் உயிரான சாண்டலால் கொதிக்க 300 டிகிரியை ஒட்டிப் போக வேண்டும். இலேசானது முதலில் போகும், கனமானது கடைசியில் போகும். அப்படியானால் வேலூர் வெயில் என்ன செய்திருக்க வேண்டும்? பெர்கமாட்டையும் பழத்தையும் விரட்டிவிட்டு மரத்தை இன்னும் சீக்கிரமாக வெளியே கொண்டுவந்திருக்க வேண்டும். என் கையிலோ பழம் போன பிறகு மிஞ்சியது வெறும் தோல். பறந்துபோயிற்று என்று சொல்லாதீர்கள். மரவாசனை போதிய அளவில் உள்ளே இருந்திருந்தால் கடைசியாகப் போயிருக்க வேண்டியது அதுதான்.

தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கிண்டலாகச் சொல்லும் பழைய பேச்சு ஒன்று உண்டு. (சாமி விஷயம் 1981-லேயே சரியாகிவிட்டது, கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் மீண்டும் எழுந்தருளிவிட்டார்.) அந்தப் பட்டியலில் மரமில்லாத மரவாசனை என்று நீங்களும் ஒன்றைச் சேர்க்க வேண்டுமா?

அடுத்து, மூக்குப் பழகிவிட்டால் பூசியவருக்கு வாசனை தெரியாது என்றும் உங்கள் பணியாளர் சொன்னார். அதுவும் நடக்கக்கூடியதுதான், கனமான மரவாசனைப் பொருள்கள் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் என் மூக்கை மட்டும் நம்பி இதை எழுதவில்லை. சாம்பிள் குப்பியின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. எங்கள் தொழிற்சாலை ஆய்வகத்தின் வடிதாளை ஒரே அளவில் துண்டுகளாக வெட்டி, சிலவற்றில் சாம்பிளையும் சிலவற்றில் பாட்டிலையும் தொட்டு, எது எது என்று பின்பக்கம் பென்சிலால் குறித்து வைத்தேன். எதுவும் சொல்லாமல் ஆய்வகப் பெண்ணிடமும் கணக்குப் பிரிவிலும் நீட்டினேன். வீட்டில் மனைவியிடமும் கொடுத்தேன். மரம் எதில் என்று கேட்டதற்கு எல்லோரும் சாம்பிள் துண்டையே எடுத்துக் கொடுத்தார்கள். ஒரே அறை, ஒரே காகிதம், ஒரே வெயில். மறுநாள் காலையிலும் சாம்பிள் துண்டில் தேவதாரு நின்றது. பாட்டில் துண்டில் காகித வாசனைதான் வந்தது.

இவ்வளவு கறாராக ஏன் பார்க்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். நான் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் ஃபினிஷிங் பிரிவைக் கவனிக்கிறவன். லாக்கரும் தின்னரும் பகல் முழுவதும் சூழ்ந்த இடம். மாலையில் மனிதனாக வெளியே வர நல்ல வாசனை ஒன்று எனக்கு ஆடம்பரம் அல்ல. மரவாசனைமேல் ஆசை வந்ததும் இந்தத் தொழிலால்தான். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை ஒருமுறை முகர்ந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். சந்தனமும் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. ஜவ்வாது மலைச் சந்தனக் கட்டைகள் திருப்பத்தூரில் வனத்துறைக் கிடங்கில் ஏலத்துக்கு வருவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நீங்கள் கேட்கும் விலையில் அசல் சந்தனத் தைலத்தை ஊற்றித் தர முடியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆய்வகத்தில் செய்த மணப்பொருளே எனக்குப் போதும். சாம்பிளில் இருந்ததும் அதுவாகத்தான் இருக்கும். அதையும் ஏன் பாட்டிலில் குறைத்தீர்கள் என்பதுதான் கேள்வி.

எங்கள் தொழிலில் சாம்பிள் என்பது விளையாட்டுப் பொருளில்லை. வாங்குபவர் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட துண்டு ஒன்று அவரிடமும் ஒன்று எங்களிடமும் இருக்கும். அனுப்பிய சரக்கு நிறத்தில் அரை ஷேடு தப்பினாலும், தொட்டால் கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் லாட் முழுவதையும் திருப்பிவிடுவார்கள். கப்பலில் வெயில் அடித்தது சார் என்று நாங்கள் சொன்னால் சிரிப்பார்கள்.

கலவையை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கும் மாற்ற வேண்டி வந்தது. உடலில் படும் தோல் பொருள்களில் ஆறிணைத்திறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2015 மே முதல் ஐரோப்பாவில் விதி வந்தது. உங்கள் தொழிலிலும் லிலியால் என்ற மணப்பொருளை 2022 மார்ச் முதல் அங்கே அழகுசாதனப் பொருள்களில் தடை செய்துவிட்டார்கள். இப்படி ஒரு காரணம் இருந்தால் கலவையை மாற்றுங்கள். மூலப்பொருள் விலை ஏறியது என்றால்கூட மாற்றுங்கள். ஆனால் மாற்றியதைச் சொல்லிவிட்டு, புதிய கலவையிலேயே சாம்பிள் அனுப்புங்கள். பழைய கலவையை முகரக் கொடுத்துவிட்டுப் புதிய கலவையை விற்பது வியாபாரம் ஆகாது.

இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிறது. சாம்பிள் அட்டையில் உள்ள தொகுப்பு எண்ணும் பாட்டில் பெட்டியில் உள்ள தொகுப்பு எண்ணும் வேறு வேறு. அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பெட்டியின் எண்ணும் அதற்குள் இருந்த பாட்டிலின் அடியில் அச்சிட்ட எண்ணும்கூட ஒன்றாக இல்லையே? இது எப்படி நடந்தது என்று உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு எனக்குச் சொல்ல வேண்டும். மூன்று எண்களும் தெளிவாகத் தெரியும் படங்களையும் பில் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

உங்கள் இணையப் பக்கத்தின் அடியில் "பலன் சூழலைப் பொறுத்து மாறலாம்" என்று பூதக்கண்ணாடிக்கு வேலை வைக்கும் எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைக் காட்டித் தப்பிக்க வேண்டாம். பெரிய எழுத்தில் சொன்ன வாக்குறுதியைச் சிறு எழுத்துக் குறிப்பு மறுக்கக் கூடாது என்பதை, தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன.

நான் கேட்பது இதுதான். 1,850 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். அல்லது சாம்பிள் வந்த அதே தொகுப்பின் பாட்டில் கையிருப்பில் இருந்தால் அதை அனுப்புங்கள். அடுத்த கொள்முதலுக்குத் தள்ளுபடிக் கூப்பன் என்று உங்கள் பணியாளர் சொன்னது எனக்கு வேண்டாம். இதே சரக்கை மலிவாக வாங்கி நான் என்ன செய்ய? கலவை மாறியதா, இல்லையா என்பதற்கு ஒரு வரியிலாவது எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வெப்பமான ஊரிலிருந்து புகார் வந்தால் வெயில்மேல் பழி போடும்படி சேவைப் பிரிவுக்குச் சொல்லித்தந்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் விற்கிற பொருள் தமிழ்நாட்டு வெயிலில் நிற்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் இந்தப் புகாரைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை தரவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் நீங்கள் கடமைப்பட்டிருக்கிறீர்கள். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புவதாக இருந்தால் மாலை ஆறு மணிக்குப் பிறகு அனுப்புங்கள், பெட்டியோடு தருகிறேன். சாம்பிள் குப்பியைத் தர மாட்டேன். அதில் மிஞ்சியிருக்கும் சில துளிகள்தான் என்னிடம் உள்ள சான்று.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.