சாமத்து ஆக்சிஜனை யார் அளப்பது?

மன்னார் வளைகுடாவில் மிதவை உயிரிகளை ஆராயும் அறிவியலாளர்களுக்கு,

வணக்கம். பாம்பன் பக்கத்தில் பிறந்தவள் நான். அப்பா வல்லம் என்னும் மீன்பிடிப் படகில் தொழிலுக்குப் போனவர். அம்மா தீவோரம் மூழ்கிக் கடற்பாசி எடுத்தவர். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன்.

2019 செப்டம்பரில் கடல் பச்சையாக மாறியபோது கரையில் நின்றிருந்தேன். காற்று விழுந்துவிட்டது, நீவாடும் (கடல் நீரோட்டமும்) இல்லை. மருதாணியை அரைத்துக் கரைத்ததுபோல் தண்ணீர் தடித்துக் கிடந்தது. செத்துக் கரை ஒதுங்கியவை பெரும்பாலும் பவளப் பாறைகளை அண்டி வாழும் மீன்கள். சொம்பில் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னச்சின்ன உருண்டைகள். "பூங்கோரை" என்றார் அப்பா, ஒரே சொல்லில்.

நீங்கள் நாக்டிலூகா என்பதும் அதைத்தான். சுமார் அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒற்றைச் செல் உயிர். உள்ளே பச்சைப் பாசிகளைக் குடிவைத்திருக்கிறது. மீன் முட்டையைக்கூட விழுங்கும். பகலில் அந்தப் பாசிகள் ஆக்சிஜனைத் தருகின்றன; இரவில் எல்லாமே சேர்ந்து அதை இழுத்துக்கொள்கின்றன. மடிந்து அழுகத் தொடங்கினால் மிச்சமிருப்பதும் போய்விடுகிறது. ஷிங்கிள், குருசடை, பூமரிச்சான் தீவுகளைச் சுற்றி அந்த நாட்களில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியதையும், வேகமாக வளரும் மான்கொம்புப் பவளங்கள் செத்ததையும் பின்னால் ஆங்கில ஆய்வுக் கட்டுரையில் படித்தேன். அருமையான வேலை. படித்தபோது அழுகை வந்தது. அம்மா மூழ்கிய இடங்கள் அவை.

ஆனால் அந்த வாரம் எங்கள் கரையில் ஓடிய பேச்சு ஒன்றுதான்: விஷம். வியாபாரிகள் ஏலத்துக்கே வரவில்லை. தூரத்தில் போய்ப் பிடித்துவந்த நல்ல மீனையும் தொட ஆளில்லாமல் பெண்கள் கூடையோடு திரும்பினார்கள். அவை மூச்சுமுட்டிச் செத்த மீன்கள் என்று இறங்குதளத்துப் பலகையில் தமிழில் நான்கு வரி அன்றே எழுதியிருந்தால் அந்தக் கூடைகள் விற்றிருக்கும்.

எனவே கேட்கிறேன். நீங்கள் எங்கள் கடலில் எடுக்கும் ஒவ்வொரு புட்டி நீருக்கும் உரிய கணக்கு எங்கள் கரைக்குத் திரும்பி வர வேண்டும். கட்டுரை மெதுவாக வரட்டும்; ஆக்சிஜன் அளவும் பூங்கோரையின் எண்ணிக்கையும் அந்த வாரமே வரட்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்குவது விடியலுக்குச் சற்று முன்பு. உங்கள் படகு வருவதோ வெயில் ஏறிய பிறகு. அந்தச் சாமத்தில் கடலில் இருப்பவர்கள் எங்கள் ஆட்கள். வல்லத்துக்கு ஒன்று வேண்டாம், ஊருக்கு இரண்டு ஆக்சிஜன் மானி கொடுத்து, பிடிக்கும் விதத்தைக் கற்றுக்கொடுங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தினமும் எண் எழுதித் தருவார்கள். மீன் மிதந்த பிறகு ஓடிவரும் நிலைமை உங்களுக்கும் வேண்டாம்.

அப்பா நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் காற்றும் நீவாடும் குறித்து வைத்திருக்கிறார். 2008 அக்டோபரில் கீழக்கரைக்கும் பாம்பனுக்கும் இடையே கடல் பச்சையானதும் அதில் இருக்கிறது. மூன்று நாட்களுக்கு முன்பிருந்தே "காற்று இல்லை" என்று எழுதியிருக்கிறார். அந்தத் தாள்கட்டை உங்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
பாம்பன் கரையிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை