பக்கத்து மாநில லைனும் நம்ம லைன்தான்: லோட் டெஸ்பாட்ச் சென்டர்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

மாநிலத்துல கரண்ட் எங்க எவ்வளவு போகுதுன்னு பாத்து கிரிட்ட நடத்துற லோட் டெஸ்பாட்ச் சென்டர்கள்ல ஷிப்ட் பாக்குற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் சப்ஸ்டேஷன் ஸ்காடா, அதாவது மீட்டர் ரீடிங்க தூரத்துல இருந்தே எடுத்துக் கண்காணிக்கிற சிஸ்டம், அந்த வேலையில இருக்கேன். நம்ம ஸ்டேட் எஸ்டிமேட்டர், அதாவது எல்லா மீட்டர் ரீடிங்கையும் சேத்துப் பாத்து எந்த பஸ்ல (சப்ஸ்டேஷன்ல லைன்கள் வந்து சேர்ற இடம்) என்ன வோல்டேஜ், என்ன ஆங்கிள் (அந்த வோல்டேஜ் அலை எவ்வளவு முன்ன பின்ன இருக்கு)னு கணக்கு போடுற சாப்ட்வேர், நம்ம எல்லைக்குள்ள நல்லாத்தான் ஓடுது, பார்டர்ல வந்துதான் தடுமாறுது.

ஒருதடவை ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல போற ஒரு லைன்ல இந்த முனையில 240 மெகாவாட்னு காட்டுது, அந்த முனையில 192. சின்ன லைன், லாஸ் ரெண்டு மூணு மெகாவாட்டுக்கு மேல போகாது, அப்போ மீதி எங்க போச்சு? தேடிப் பாத்தா அந்தப் பக்கம் 800 ஆம்ப் சிடிய (லைன்ல ஓடுற பெரிய கரண்ட்ட மீட்டருக்கு ஏத்த மாதிரி சின்னதாக்கிக் கொடுக்குற கரண்ட் ட்ரான்ஸ்பார்மர்) கழட்டிட்டு 1000 ஆம்ப் சிடி போட்டிருக்காங்க, டேட்டாபேஸ்ல பழைய ரேஷியோவே இருக்கு. இத கண்டுபிடிக்க எத்தன போன், எத்தன லெட்டர்!

2003 ஆகஸ்ட் 14ல அமெரிக்கா, கனடா பக்கம் நடந்த பெரிய பவர் கட் உங்களுக்கே தெரியும். ஒஹாயோவுல ஸ்டூவர்ட் அட்லாண்டா லைன் மதியம் 2:02க்கு ட்ரிப் ஆச்சு, அது பிஜேஎம்ங்கற கிரிட் அமைப்பு பாக்குற லைன்ங்கறதால அதோட ஸ்டேட்டஸ் பக்கத்துல இருந்த இன்னொரு கிரிட் அமைப்பான மைசோவோட எஸ்டிமேட்டருக்கு தானா போகல, லைன் இருக்குன்னே நெனச்சு கணக்கு போட்டா சொல்யூஷன் எப்படி வரும், கடைசில போன் போட்டுக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. எஸ்டிமேட்டர் முழுசா ஆட்டோமேட்டிக்கா ஓட ஆரம்பிச்சப்போ மணி 4:04, அடுத்த ரெண்டு நிமிஷத்துல கிரிட் சரிய ஆரம்பிச்சு சுமார் 5 கோடி பேருக்கு கரண்ட் போச்சு. இதனால மட்டும்னு சொல்லல, மரம் வெட்டாம விட்டது, அலாரம் செத்துக் கெடந்தது எல்லாமே இருக்கு.

2012 ஜூலைல வடக்க கிரிட் விழுந்தப்போ தெற்கு தப்பிச்சிடுச்சு, ஏன்னா நாம அப்போ ஹெச்விடிசி, அதாவது அந்தப் பக்கத்து ப்ரீக்வென்சி தடுமாற்றத்த இங்க கொண்டுவராத டிசி லிங்க் வழியாத்தான் சேந்திருந்தோம். 2013 டிசம்பர் 31ல ராய்ச்சூர் சோலாப்பூர் 765 கேவி லைன் வந்ததுக்கப்புறம் நாடு பூரா ஒரே ப்ரீக்வென்சி, இனிமே அவங்க லைன் வேற நம்ம லைன் வேறன்னு இருக்க முடியாது.

உங்க நெட்வொர்க் டேட்டா முழுசையும் யாருக்கும் கொடுக்க வேணாம். அவங்கவங்க ஏரியா கணக்க அவங்கவங்களே போடட்டும், பார்டர் பஸ்ஸோட வோல்டேஜையும் ஆங்கிளையும் மட்டும் மாத்திக்கிட்டு, ரெண்டு பேர் கணக்கும் ஒத்துப்போற வரைக்கும் திரும்பத் திரும்ப போட்டா போதும். அதுக்கு முன்னாடி டை லைன் (ரெண்டு மாநிலத்த இணைக்கிற லைன்) ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு முனை ரீடிங், பிரேக்கர் ஸ்டேட்டஸ் (லைன் சுவிட்ச் ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு) ரெண்டு சென்டருக்கும் நேரா வரணும், சிடி மாத்தினா அன்னைக்கே பக்கத்து சென்டருக்கு ஒரு மெசேஜ் போகணும். இத இந்த மாச மீட்டிங்லயே எடுத்துப் பேசுங்க, ப்ளீஸ்.