சிங்கம் செத்துவிட்டது, ஓடி வா

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. கயல் கால்நடை மருத்துவம் சேர்ந்துவிட்டாள் என்றதும் மனசு நிறைந்துபோனது. ஆனால், அறுவை வகுப்பு நாளில் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அவளுக்கு பிரெஞ்சுச் சிற்பி அந்த்துவான் லூயி பாரியின் கதையைச் சொல். போன மாதம் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அவருடைய வெண்கல விலங்குகளைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

1795இல் பிறந்த பொற்கொல்லர் மகன். புலியையோ சிங்கத்தையோ காட்டில் பார்த்தவரில்லை. பாரிஸ் தாவரவியல் பூங்காவின் விலங்குக் கூண்டுகளே கதி என்று கிடந்தார். அங்கே ஒரு விலங்கு செத்தால் உடலைக் கிடத்தி, எலும்புக்கு எலும்பு அளந்து, தோலுரித்த தசையை வரைவார். ஓவியர் தெலாக்ருவா கூட்டாளி. ஒருமுறை அவர் பாரிக்கு அவசரமாக எழுதி அனுப்பினார்: "சிங்கம் செத்துவிட்டது. ஓடி வா."

அந்த அளவெடுப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை 'முயலைத் தின்னும் ஜாகுவார்' சிலையில் பார்க்கலாம். காதுகள் பின்னால் ஒட்டிப் படிந்திருக்கின்றன. முதுகு பதுங்கி, தோள்பட்டை மட்டும் தோலுக்கடியில் புடைத்து நிற்கிறது. வாயில் முயல் துவண்டு தொங்குகிறது. அந்த மிருகத்திடம் கோபமும் இல்லை, வீரமும் இல்லை, பசி மட்டும்தான். மனிதக் குணம் எதையும் அதன்மேல் ஏற்றாமல் விட்டாரே, அதற்காகவே அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

1831 பாரிஸ் கலைக் கண்காட்சியில் வைத்த 'புலியும் முதலையும்' பெயர் வாங்கித் தந்தது. அந்த முதலை நம் கங்கையில் வாழும் நீள்மூக்குக்காரன்தான்! 1833இல் பாம்பை மிதிக்கும் சிங்கம். அதை வார்ப்புக் கலைஞர் ஓனொரே கோனோன் மெழுகு அச்சு முறையில் வெண்கலமாக வார்த்தார். ஆனாலும் விலங்கு செய்பவன் என்று இளக்காரமாகப் பேசியவர்கள் இருந்தார்கள். 1837இல் நடுவர்கள் அவருடைய வேட்டைச் சிற்பங்களைத் திருப்பியனுப்ப, பல வருடம் அந்தக் கண்காட்சிப் பக்கமே அவர் போகவில்லை. 1848இல் கடனில் மூழ்கி, அச்சுகள்கூடக் கைவிட்டுப் போயின.

1854இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் விலங்கு வரையும் ஆசிரியரானார். 1875இல் சாகும்வரை அதே வேலை. பின்னாளில் பெரிய சிற்பியான இளைஞன் ரொதானும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவன்தான்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஜாகுவாரின் தோள்பட்டையைக் கயலிடம் காட்டி, எந்தெந்தத் தசை என்று கேட்டு எழுது. எனக்குப் பெயர் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
சேகர்