எங்கள் தெருவும் குறுக்குவழி ஆகிவிட்டது

அன்புள்ள முரளி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லாரும் சுகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை எதிர் வீட்டுப் பையனைக் கார் இடிக்கப் பார்த்தது. சைக்கிள் பழகிக்கொண்டிருந்தான், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது நான். ஓட்டி வந்தவருடைய கண் முழுக்க போனில். ஒரு சாண் இடைவெளியில் பிரேக் போட்டு நின்றார். திறந்திருந்த ஜன்னல் வழியே, போனில் வழி சொல்லும் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டது: "200 மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்."

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். மெயின் ரோட்டில் நெரிசல் என்றால் வழிகாட்டும் செயலி எங்கள் தெருவைக் குறுக்குவழியாகக் காட்டிவிடுகிறது. காரில் இருப்பவருக்கு மூன்று நிமிடம் மிச்சம். தெருவில் இருப்பவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. எல்லாருக்கும் அதே வழியைக் காட்டுவதால் அந்த மூன்று நிமிடமும் நிலைப்பதில்லை. தெருமுனையில் மறுபடி மெயின் ரோட்டுக்குள் நுழைய முண்டுகிறார்கள், அங்கே இருக்கிற வரிசையும் நின்றுபோகிறது. அவரவர் தனக்கு வேகமான வழியைப் பிடித்தால், புதிதாக ஒரு சாலை சேர்ப்பதுகூட எல்லாரையும் தாமதமாக்கலாம் என்று பிரேஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் 1968-லேயே எழுதியிருக்கிறாராம். கணக்கு வாத்தியாரே, இதை ஏன் எனக்கு முன்பே சொல்லவில்லை?

அமெரிக்காவில், நியூஜெர்சியில் லியோனியா என்ற சின்ன ஊரில், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் போகிற வண்டிகள் தாங்காமல், 2018 ஜனவரியில் சுமார் 60 தெருக்களைக் காலையும் மாலையும் வெளியாருக்கு மூடினார்கள். மீறினால் 200 டாலர் அபராதம். அதே வருஷம் நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது. எனக்கும் தெருவைப் பூட்டுவதில் சம்மதமில்லை. வேகத்தடை போடட்டும், நடுவில் கம்பம் நட்டு நடப்பவரையும் சைக்கிளையும் மட்டும் விடட்டும். இந்தப் பக்கம் வந்தால் நேரம் மிச்சமில்லை என்றானால் செயலி தானாகவே வேறு வழி காட்டும்.

அப்புறம், 2020-ல் பெர்லினில் ஒரு கலைஞர் கைவண்டியில் 99 போன்களை வைத்து இழுத்துக்கொண்டு நடந்தார். மெதுவாக நகர்ந்த அத்தனை போன்களையும் வண்டிகள் என்று எண்ணி, கூகுள் மேப்ஸ் காலித் தெருவை நெரிசல் என்று சிவப்பாகக் காட்டியது. படித்ததும் உன் ஞாபகம்தான். நீ கைவண்டி தேடக் கிளம்பாதே, வேகத்தடையும் கம்பமும் கேட்டு எனக்கு மனு எழுதிக் கொடு, போதும். அதற்கு உன்னை விட்டால் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கப் போகிறேன்.

பையனுடைய சைக்கிள் இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. எடுத்துப்போக அவன் வரவில்லை.

உன்,
ரகு